உன் முழங்காலுக்கு இடம் விடாத ஸ்டாண்ட்

நேற்று புதுச்சேரி டவுனில் ஒரு கடையில் கீபோர்டு ஸ்டாண்ட் வாங்கினேன். பழையது போன வாரம் வில்லியனூர் பக்கம் ஒரு நிகழ்ச்சியில் உயரத்தைப் பிடித்து நிறுத்தும் பல் மழுங்கி, பாட்டு நடுவிலேயே ஒரு பக்கம் இறங்கிவிட்டது. கடைக்காரர் அட்டைப் பெட்டியைப் பிரித்ததும் புது இரும்பின் பெயிண்ட் வாசனை அடித்தது. உன் வீட்டுக் கூடத்தில், நீ ஆசையோடு பார்த்துக்கொண்டிருக்க, நான் ஒரு பெட்டியைப் பிரித்தேனே, அன்றைக்கு வந்த அதே வாசனை. கடைக்காரர் ஏதோ கேட்டார். எனக்குக் காதில் விழவில்லை.

"உக்காந்து வாசிப்பீங்களா, நின்னு வாசிப்பீங்களா சார்?" என்று மறுபடியும் சத்தமாகக் கேட்டார்.

உனக்கு ஸ்டாண்ட் வாங்கப் போன அன்று இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான்தான்.

நம் ஆர்க்கெஸ்ட்ராவில் உட்கார்ந்து வாசித்தவர் யார்? அம்மன் கோயிலோ மாதா கோயிலோ, பெஞ்சுகளின் மேல் பலகை போட்ட மேடைதான். அதில் உட்கார்ந்தால் கீழே இருக்கும் சனங்களுக்கு நம் தலைகூடத் தெரியாது. அதனால் நமக்கு ஸ்டாண்ட் என்றால் கத்தரி மாதிரி குறுக்கே மடிகிற ஸ்டாண்ட்தான். மடக்கி பைக்கில் வைத்துக் கட்டினால் பாகூரிலிருந்து எந்த ஊருக்கும் போய்விடலாம். மேடை ஆடினால் சைக்கிள் டியூபைக் கிழித்து, ஸ்டாண்டின் காலைப் பலகையோடு சேர்த்துக் கட்டுவேன். நீ வந்து உதைத்துப் பார்ப்பாய். "இன்னாடா கட்டு இது, கன்னுக்குட்டிய கட்ன மாதிரி?" என்பாய். முனகிக்கொண்டே அவிழ்த்துக் கட்டுவேன்.

ஒருமுறை வேறொரு குழுக்காரர்கள் மேசை மாதிரி நாலு கால் வைத்த ஸ்டாண்டைத் தூக்கி வந்தார்கள். "இதுல எல போட்டு பந்தியே நடத்தலாம்டா" என்றாய். அவர்கள் காதுபடவே சிரித்தோம். நமக்குத் தெரியாத ஸ்டாண்டா என்ற கொழுப்பு.

நீ முதல் கீபோர்டு, நான் இரண்டாவது. பாட்டை எடுத்துக் கொடுப்பதும் நடுவே தனியாக வாசிப்பதும் நீ. பின்னால் வயலின் ஓசையை நிரப்பிக்கொண்டு நிற்பது நான். பதினோரு வருஷம் அப்படியே ஓடியது. பொறாமை இருந்ததா என்று நீ கேட்டதில்லை. இருந்தது.

சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்ட் முடித்து வரும்போது, குறுக்கே வந்த மாட்டுக்காக வண்டியை ஒடித்து விழுந்தாய். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியோடு வீட்டுக்கு வந்ததும் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்.

"கை நல்லாத்தானடா இருக்குது. நல்லா தாழ எறங்குற மாதிரி ஸ்டாண்டு ஒண்ணு பாத்து வாங்கியா. நம்ம மாதா கோயில் திருவிழாவுல வாசிச்சே ஆவணும்."

நானும் பார்த்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். எவ்வளவு கனம் தாங்கும், எத்தனை பல் இருக்கிறது, அழுத்தி வாசித்தால் ஆடுமா, மடக்கினால் பைக்கில் நிற்குமா, எல்லாம் கேட்டேன். கடையின் மூலையில் நாலு கால் ஸ்டாண்ட் ஒன்று நின்றது. பந்தி ஞாபகம் வந்து, சிரித்துக்கொண்டே தாண்டிப் போனேன். குறுக்குக் கம்பி இரட்டையாக வைத்த கத்தரி ஸ்டாண்டை வாங்கி வந்தேன். உட்காருபவனுக்கு முழங்கால் என்று ஒன்று உண்டு என்பது என் புத்தியில் உறைக்கவே இல்லை.

கடைசிப் பல்லுக்கு இறக்கி வைத்தேன். இறக்க இறக்க அதன் கால்கள் அகலமாக விரிந்தன. நாற்காலியின் சக்கரம் அதில் முட்டி நின்றது. நடுக் கம்பி உன் முழங்காலில் இடித்தது. உனக்கு அது வலிக்கவில்லை, பார்த்த எங்களுக்குத்தான் வலித்தது. பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தோம். நீ எட்டிக் குனிந்தாய், சாயப் போனாய், உன் மனைவி தோளைப் பிடித்துக்கொண்டாள். கீபோர்டுக்கும் உன் விரலுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

"எட்டலடா," என்றாய். அப்புறம் சிரித்தாய். "அந்தப் பந்தி ஸ்டாண்டையே வாங்கியாடா. எலய நானே போட்டுக்கிறேன்."

வருகிற வாரம் மாற்றித் தருகிறேன் என்றேன். கடையிலும் வாங்கும்போதே மாற்றித் தருவதாகத்தான் சொல்லியிருந்தார்கள். நான் போகவில்லை. ஆடி மாதம், நாள் தவறாமல் நிகழ்ச்சி, நேரமில்லை என்று உன்னிடம் சொன்னேன். நேரம் இருந்தது. அப்போது உன் இடத்தில், முதல் கீபோர்டில், நான் நின்றுகொண்டிருந்தேன். சனங்கள் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

திருவிழாவுக்கு முன் நம் குழுவை நடத்தும் மாஸ்டர் கேட்டார், "இன்னாப்பா, அவன் வர்றானா?"

"அவனால இன்னும் உக்கார முடியல மாஸ்டர்," என்றேன்.

அன்று உன் ஊர் மேடையில் உன் பாட்டுகளை நான் வாசித்தேன். தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தார்கள். உன் வீட்டு வாசலிலும் ஒன்று. நீ முழுவதும் கேட்டிருக்கிறாய். அதன்பின் படுக்கைப் புண்ணில் சீழ் வைத்து, காய்ச்சல் கண்டு, பத்து நாளில் போய்விட்டாய். ஸ்டாண்ட் அதே கூடத்தில் மடக்கியபடி சுவரோரம் நின்றது.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது, உன் மனைவி என்னிடம் வந்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

"திருவிழாவுக்கு மொத நாளு மாஸ்டர் வூட்டுக்கு வந்தாருண்ணே. 'உன்னால உக்கார முடியலன்னு சொன்னான், நல்லாத்தானப்பா உக்காந்திருக்கற'ன்னு கேட்டாரு. அதுக்கு இவரு, 'கொஞ்ச நேரந்தான் மாஸ்டர், அதுக்கு மேல முடியல, அவன் சொன்னது சரிதான்'னுட்டாரு. அன்னிக்குக் காலையிலேர்ந்து உக்காந்துதாண்ணே இருந்தாரு."

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவள் என்னைக் கேட்கவில்லை.

நேற்று கடைக்காரரிடம், நின்றுதான் வாசிப்பேன் என்று சொல்லிக் கத்தரி ஸ்டாண்டையே வாங்கிக்கொண்டேன். நாளைக்குக் குருவிநத்தத்தில் நிகழ்ச்சி. நான்தான் முதல் கீபோர்டு. அந்த இடத்தை நீ எனக்கு விட்டுக் கொடுத்துவிட்டுப் போனதாக நம் குழுவில் எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். அது உண்மை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.