ஏரிக்கரை வீடு பார்த்த நாள்

மாதா துணை.

கும்பிட்டு எழுதிக்கொள்வது. அன்று ஏரிக்கரை வீட்டைப் பார்க்க நான், மகள் ஷைலா, மாப்பிள்ளை எல்வின், பேத்தி ஜோவிட்டா, வீட்டுத் தரகர் கந்தவேல் எல்லாரும் போயிருந்தோம். போனில் நீங்களும் இருந்தீர்கள். உங்கள் மூட்டுவலி தேவலையா?

வீடு அழகுதான். முன்பு அட்டுவம்பட்டியில் பார்த்த வீட்டைவிடப் பெரியது. பின்கேட்டைத் திறந்தால் தண்ணீர், அதில் கட்டிப்போட்ட படகு. "ஞாயித்துக்கெழமயானா துடுப்புப் போடலாம் அத்தே" என்றார் மாப்பிள்ளை. பேசும்போதே மலை மேகம் இறங்கி கேட்டையே மறைத்துவிட்டது. பிள்ளையைக் காணோம். கூப்பிட்டபடி தடவித் தடவிப் போனால், ஐந்து வயதுப் பிள்ளை படகில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். "வெரசா வாங்க அம்மாச்சி, போவோம்" என்கிறாள். பயப்படாதீர்கள், அவள் காலில் ஈரம்கூட இல்லை.

மாமியார் சொல் எடுபடாது, உங்கள் சொல்லை மாப்பிள்ளை கேட்பார் என்றுதான் போனை வாங்கி நடந்ததைச் சொன்னேன். "வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க" என்று கெஞ்சினேன். ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்கும்படி நீங்கள் சிரித்தீர்கள். "ஒங்க அத்த கெணத்த எட்டிப் பாக்கவே பயப்படுறவ. நீங்க முடிச்சிருங்க மாப்ளே" என்றீர்கள்.

முதல் தேதி குடிபோகிறோம். ஆயக்குடிக் கொய்யா அனுப்ப வேண்டாம். நிறைய மணி வைத்த கொலுசு ஒன்று பிள்ளைக்கு வாங்கி அனுப்புங்கள். மேகத்துக்குள் அவள் எங்கே நிற்கிறாள் என்று காதால்தான் தேட வேண்டும்.

பிள்ளை எழுந்துவிட்டாள், முடிக்கிறேன். தரகரை மன்னித்துவிட்டேன், மாப்பிள்ளையையும். மன்னிக்கவே மாட்டாத ஆளின் பெயரை, நாற்பத்தொரு வருஷமாக என் வாயால் சொல்லாத உங்கள் பெயரை, இங்கே எழுதிவிடுகிறேன்: மனுவேல்.