கண் செதுக்காத சித்தாள்

நேற்று அடித்த புழுதிக்காற்றில் எங்கள் சொசைட்டி வாசலில் இருந்த வேப்பமரம் முறிந்து சாலையில் விழுந்துவிட்டது. காலையிலேயே ஆட்கள் வந்து மோட்டார் ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். பெட்ரோலும் எண்ணெயும் சேர்ந்து எரிகிற புகை, அதற்குள் பச்சை வேம்பின் கசப்பு, இரண்டும் நான்காம் மாடிவரை ஏறி வந்துவிட்டன. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஜன்னலை மூடிடட்டா மாமா?" என்றாள். இருக்கட்டும் என்றேன். டில்லித் துவாரகாவில் உட்கார்ந்துகொண்டு, போய்ச் சேர்ந்துவிட்ட உம்மை நினைப்பதற்கு எனக்கு வேறு சாக்கு அதிகம் கிடைப்பதில்லை வே.

லக்ஷ்மிபாய் நகரில் நமக்கு எதிரெதிர் குவார்ட்டர்ஸ். ஒரே அமைச்சகம், ஒரே அறை, ஒரே மாதிரிக் கோப்புகள். எண்பதுகளின் தொடக்கம் அது. நாட்டுக்குத் திரும்பும் வெளிநாட்டுக்காரர் ஒருவர் வீட்டுச் சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, உம் வீட்டம்மா உம்மை ஃப்ரிட்ஜ் பார்த்துவர அனுப்பினார். துணைக்கு நானும் வந்தேன். அந்த வீட்டுத் தாழ்வாரத்தில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் ரம்பம் கிடந்தது. அதன்மேல் ஒரு பத்திரிகை. அதில் பனிப் பிரதேசத்து ஆள் ஒருவன் அடிமரத்தை அந்த ரம்பத்தாலேயே கரடியாகச் செதுக்கி அதன் தோளில் கைபோட்டு நின்றான். நீர் அந்தப் படத்தைப் பார்த்த பார்வையிலேயே ஃப்ரிட்ஜ் போச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"பாலு கெட்டுப்போவுதுன்னு பொட்டி வாங்கப் போன மனுசன், மரம் அறுக்க மிஷினோட வந்து நிக்காரு. அண்ணாச்சி, நீங்களாவது சொல்லக்கூடாதா?" என்று உம் வீட்டம்மா என்னிடம் முறையிட்டார். நான் சொன்னால் கேட்கிற ஆளா நீர்?

பிறகு ஆரம்பித்தன நம் ஞாயிற்றுக்கிழமைகள். ஸ்கூட்டருக்குப் போடுகிற எண்ணெய் கலந்த பெட்ரோலே அதற்கும் போதும் என்று கண்டுபிடித்தோம். சங்கிலிப் பல் மழுங்கினால் தீட்ட மெல்லிய உருண்டை அரம் வேண்டும். அதற்காகச் சாவ்டி பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கினோம். நீர் ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, வீட்டம்மாவின் பழைய சேலைத் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு நிற்பீர். ரம்பத்தின் நுனி மரத்தில் பட்டால் அது முகத்துக்கு நேரே எகிறும். முதல் தடவை எகிறியபோது நான் ஓடியே விட்டேன். நீர் நிதானமாக, "நம்ம டெபுடி செக்ரட்டரி மாதிரிதான் வே இது. மூக்கத் தொடாம வேல வாங்கணும்" என்றீர்.

மரம் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கீகர் என்கிற கருவேல மரம் முழுக்கக் கோணல். தைல மரம் காய்ந்ததும் முறுக்கிக்கொண்டு வெடித்தது. ஷீஷம் நல்ல மரம்தான், ஆனால் கட்டில் செய்கிறவர்கள் நமக்கு முந்திக்கொள்வார்கள். சாலையோர மரங்களில் ஊர்ப்பட்ட விளம்பரத் தகடும் ஆணியுமாக இருக்கும். ஒரே ஓர் ஆணி போதும், சங்கிலியின் பல்லெல்லாம் உதிர்ந்துவிடும். நீர் ஒவ்வொரு மரத்தையும் தடவித் தட்டிப் பார்ப்பதைக் கண்டு, வைத்தியர் என்று நினைத்து ஒரு பஞ்சாபி மாமி தன் மாமரத்துக்கு மருந்து கேட்டாளே, நினைவிருக்கிறதா?

பூங்காக்களைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி ஒருவர் நீர் செய்த ஆமையைப் பார்த்தார். வெட்டிப் போட்ட நாவல் கட்டையில் செய்தது அது. அவருக்குப் பிடித்துவிட்டது. பெரியதாக ஒன்று செய்து காட்டும், நன்றாக வந்தால் உம்மைக் கோப்பு வேலையிலிருந்து விடுவித்துப் பூங்காக்களில் சிற்பம் வைக்கிற வேலைக்கே கேட்டு எழுதுகிறேன் என்றார். அன்று வீடு திரும்பும்போது நீர் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டே பாடினீர். உமக்குப் பாட வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகும் நீர் பாடிக் கேட்டதில்லை.

அந்தக் கோடையில் வீசிய ஆந்திப் புழுதிக்காற்றில் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த பெரிய வேம்பு தலை முறிந்து விழுந்தது. ஆள் உயரத்துக்கு அடிமரம் மட்டும் வேரோடு நின்றது. ஆணி இல்லை, பொந்து இல்லை. வேரோடு நிற்கிற மரம் மெதுவாகக் காயும், சட்டென்று வெடிக்காது என்று நீர் குதித்தீர். அதிகாரியும் அங்கேயே செதுக்க அனுமதி வாங்கிக் கொடுத்தார்.

என்ன செய்யப்போகிறீர் என்று கேட்டேன். பக்கத்தில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே செங்கல் சுமந்த சித்தாள்கள் நம் தமிழ்நாட்டுப் பெண்கள். மதியத்தில் அவர்களில் ஒருத்தி செங்கல் குவியலில் ஏறி, ஒரு காலை மடித்து ஒரு காலைத் தொங்கவிட்டு, தலைச் சும்மாட்டைக்கூட எடுக்காமல் அப்படியே கண் சொருகி உட்கார்ந்திருப்பாள். "அவளத்தான் வே செய்யப் போறேன். டில்லில எத்தன செல இருக்கு, செத்த நேரம் ஒக்காந்து இருக்க பொம்பள செல ஒண்ணு இருக்கா?" என்றீர்.

எவ்வளவு அழகாக வந்தது அது. முழங்கால் வந்தது, தொங்குகிற பாதம் வந்தது, மடியில் கிடக்கிற கை வந்தது. அந்த முரட்டு ரம்பத்தால் சேலை மடிப்புகூட விழுந்தது. முகத்தை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தீர். களைப்பு முகத்தில்தான் இருக்கிறது, அதில் தப்பு வந்தால் எல்லாம் போச்சு என்று ஒரு மழை ஞாயிறும் அடுத்த ஞாயிறும் ஒத்திப்போட்டீர்.

ஆடி பிறந்திருந்தது வே. அது உமக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. வேப்பமரத்தில் ஒரு பெண். ஒரு கால் மடக்கி, ஒரு கால் தொங்க. தலையில் சும்மாடு, தூரத்திலிருந்து பார்த்தால் கிரீடம். நாம் இரண்டு பேரும் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்கள் என்று யாராவது சொன்னால் நம்புவார்களா? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை எல்லாருக்கும் தெரியும். குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக முடிந்தது நமக்குத்தான்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டு வந்தபோது, சிலைக்குத் தலையோடு மஞ்சள் நீர் ஊற்றியிருந்தது. இடுப்பில் மஞ்சள் துணி, கழுத்தில் எலுமிச்சை மாலை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் அகல விழித்த வெள்ளிக் கண்மலர் இரண்டை ஒட்டியிருந்தார்கள். எதிரே அந்தச் சித்தாள்கள் பானையில் கூழ் காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய குடிசைகளில் ஒரு குழந்தைக்கு அம்மை போட்டு இறங்கியிருந்ததாம். கூழை ஊற்றிக் கொடுத்தவள் யாரென்று பார்த்தேன். செங்கல் குவியலில் கண் சொருகி உட்கார்ந்திருப்பாளே, அவளேதான். "குடிங்க சாமி, ஆத்தா நம்மளத் தேடி டில்லிக்கே வந்துட்டா" என்றாள் உம்மிடம். நீர் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தீர்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். "போய்ச் சொல்லும் வே, அது ஆத்தா இல்ல, நீதான்னு அவகிட்டயே சொல்லும். ஞாயித்துக்கிழமை முகத்தச் செதுக்கி முடிச்சிரும்."

நீர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னீர்: "அது நீதான்னு சொல்லிட்டா, அப்பறம் கும்பிட அவளுக்கு என்ன வே இருக்கு?"

"அப்போ ஒம்ம வேல?"

"கும்பிட்ட மரத்துல ரம்பத்த வைக்கச் சொல்லுதீரா?"

கோயில் வாசலை மிதிக்காத மனிதர் நீர். உம் வாயிலிருந்து அது வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதிகாரி வந்து பார்த்தார். "யே தோ மந்திர் பன் கயா, பாய் சாப்" என்று கைகூப்பிவிட்டு ஜீப்பில் ஏறினார். கோயிலாகிவிட்ட ஒன்றைத் தொட அவருக்கும் துணிச்சல் இல்லை. வேறு மரத்தில் செய்து காட்டும் என்று நான் எத்தனையோ முறை சொன்னேன். அச்சா, பார்ப்போம் என்பீர். ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினீர். ஓய்வு பெறும் நாள்வரை எனக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்து கோப்பு தள்ளினீர்.

நான் விடவில்லை. டீ குடிக்கையில், பஸ்ஸுக்கு நிற்கையில், உம் மகள் கல்யாணப் பந்தியில்கூட அந்தப் பேச்சை எடுத்தேன். முடித்திருக்க வேண்டும் என்பேன் நான். நீர் சிரிப்பீர், அல்லது இலையைப் பார்ப்பீர். உமக்கு வருத்தமே இல்லை என்று நினைத்துக்கொண்டு, உமக்கும் சேர்த்து நானே வருத்தப்பட்டேன்.

ஜனக்புரி வீட்டில் நீர் படுத்த படுக்கையாக இருந்தபோது ஒரு மதியம் வந்தேன். ஊர்க்கதை பேசினோம். கிளம்ப எழுந்தபோது என் கையைப் பிடித்து, "முடிச்சிருக்கலாமோ வே?" என்றீர்.

அத்தனை வருஷம் வாதாடியவன் நான். அன்றைக்கு ஜெயித்துவிட்டேன். அந்த ஜெயம் எனக்கு வேண்டாமென்று இருந்தது. "இல்ல வே, நீரு செஞ்சதுதான் சரி" என்றேன்.

"ஒமக்குப் பொய் வராது. இரியும்" என்றீர்.

பிறகு படுக்கை விரிப்பைக் கையால் தடவிச் சமப்படுத்தி, விரலால் கோடு போட ஆரம்பித்தீர். "நெத்தி இம்புட்டுதான். இமை இங்கன வந்து எறங்கணும். முழுசா மூடப்படாது. ஒறங்கிட்டா மேஸ்திரி ஏசுவாம்லா, அந்தப் பயம் தெரியணும். ஒதடு கொஞ்சம் தொறந்து..." விரல் ஓரிடத்திலும் தயங்கவில்லை. இவ்வளவு காலமும் அதைத் தினமும் செதுக்கிக்கொண்டிருந்த விரல் அது. முகம் முழுசும் வந்தது. நான் பார்த்தேன் வே, அவளைப் பார்த்தேன். அப்போது உம் வீட்டம்மா மாத்திரையோடு வந்து விரிப்பை உதறிச் சரியாகப் போட்டுவிட்டார்.

அந்த முகத்தைப் பார்த்த ஆள் நான் ஒருவன்தான். கண்ணை மூடினால் இமையும் உதடும் இன்றைக்கும் அப்படியே வருகின்றன. எனக்கோ ஒரு கோடு போடத் தெரியாது.