திரும்பி வந்த அரிசிச் சாக்கு

அண்ணாச்சி,

இன்று காலை ஆட்டோவில் ஒரு சாக்கு அரிசி என் கடைக்குத் திரும்பி வந்தது. வாய் தைத்த நூல்கூடப் பிரியவில்லை. தம்பிக்கு நாளைக்கு நெஞ்சு ஆப்பரேஷன் என்று கேள்விப்பட்டு, நேற்று அவன் வீட்டுக்கு நான் அனுப்பியது. சாக்கைப் பார்த்தேன், எதிரே பூட்டிக் கிடக்கிற உங்கள் வெங்காய மண்டியைப் பார்த்தேன். ஆரியசாலைச் சந்தையில் மூட்டை சுமந்து நான் பிடித்த கடையை அப்படியே போட்டுவிட்டு, அதே ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தம்பி இருக்கிற அறை நாலாவது கதவு. ஒரு மணி நேரமாக அந்தக் கதவுவரை போகத் தைரியமில்லை.

திருவிருந்து ஞாயிறு தோறும், பகையோடு அப்பம் எடுக்கக் கூடாதென்று, கோயில் வாசலில் என்னை நிறுத்தி ஒரே கேள்வி கேட்பீர்கள்: "யாருகிட்டயாவது பேசாம இருக்கியாடே?" ஒருமுறை மாட்டிக்கொண்டேன். கடையில் மூட்டை இறக்குகிற மலையாளி சுமட்டுக்காரர் ஒருவரை அந்த வாரம் நாலு பேர் முன்னால் கேவலமாக ஏசியிருந்தேன்.

"அதுக்குத்தான் அவரு வீட்டுக்கு ஒரு சாக்கு அரிசி அனுப்பிட்டேனே அண்ணாச்சி."

"சாக்கு போயி மன்னிப்பு கேக்குமாடே? நீ போ. நான் இங்கனயே நிக்கேன்."

முணுமுணுத்துக்கொண்டே போனேன். அந்த மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "முதலாளி நேரிட்டு வந்நல்லோ, மதி" என்று, நேரில் வந்ததே போதும் என்கிற மாதிரி, கட்டன்சாயா கொடுத்தார். திரும்பி வரும்போது ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. நீங்கள் அதே வாசலில், வெயிலில், வேர்த்து வழிய நின்றிருந்தீர்கள். உள்ளேயே போகவில்லை. "அப்பம் அடுத்த மாசமும் எடுக்கலாம்டே" என்றீர்கள், அவ்வளவுதான்.

நீங்கள் கண்ணை மூடின ஆறாம் மாதம் அம்மாவும் போனாள். தம்பி அதற்கு முன்பே வேறு சபைக்கு மாறியிருந்தான். அடக்கத்தில் அவன் ஜெபிக்க எழுந்தபோது, "உன் சபையில போயி ஜெபி" என்று உட்கார வைத்துவிட்டேன். அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து. ஒன்றரை வருடமாகப் பேச்சில்லை. திருவிருந்துக்கு எல்லோரும் எழும்போது நான் பெஞ்சை விட்டு எழுவதில்லை. காலையில் முழங்கால் போடுகிறேன், வார்த்தை வருகிறது, ஆனால் லைன் கட்டான போனில் பேசுகிற மாதிரி இருக்கிறது.

என் பயத்தை உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? நாளைக்கு அவன் கண் திறக்காமலே போய்விட்டால் என்று ஒரு பயம். அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. இத்தனை வருடம் நான் கர்த்தரோடு ஒட்டியிருந்தேனா, இல்லை, உங்கள் தோளைப் பிடித்து நின்றதை அப்படி நினைத்துக்கொண்டேனா?

இதை எழுதும்போதே தம்பி பெண்டாட்டி வெளியே வந்தாள். அழுது வீங்கின முகத்தில் ஒரு சிரிப்பு.

"அத்தான், எப்பம் வந்திய? அவுக சன்னல் வழியா பாத்துட்டாவ. இன்னைக்கும் சாக்குதான் வந்திருக்கா, இல்ல ஆளு வந்திருக்கான்னு கேக்காவ."

"ஆளுதான்னு சொல்லும்மா."

அவளை முன்னே போகச் சொல்லிவிட்டேன். "நீ போ. நான் இங்கனயே நிக்கேன்" என்பது மட்டும் காதில் இருக்கிறது. அன்று அந்த வெயிலில் நின்றது நீங்கள் மட்டும்தானா அண்ணாச்சி, கர்த்தரும்தானா?

பயத்தோடுதான் எழுந்திருக்கிறேன். நாலாவது கதவு திறந்திருக்கிறது.