அப்பா சொன்ன வரி

காரைக்குடி
வெள்ளிக்கிழமை

மரியாதைக்குரிய சந்திரலேகா அக்காவுக்கு,

நாச்சியப்பன் அண்ணன் கடையில் உங்கள் ஆய்வேட்டை டைப் அடிக்கும் பெல்சி எழுதுகிறேன். சென்னை போனதும் வந்த காய்ச்சல் விட்டதா? போனில் பேச எனக்கு வாய் வராது. அதனால் அச்செடுத்த தாள்களோடு இதையும் கூரியரில் வைக்கிறேன்.

வலுவில்லாத வினைச்சொற்களை மாற்றும்படி ஆய்வுக்கு வழிகாட்டும் உங்கள் சார் சொன்னதாக, சிவப்பு மையில் குறித்து அனுப்பினீர்கள். அப்படியே மாற்றிக்கொண்டு வந்தேன். பத்தாவதோடு நின்ற எனக்கே 'இருக்கின்றன' என்பது 'ஓங்கி நிற்கின்றன' என்று ஆனபோது படிக்க நன்றாக இருந்தது. கானாடுகாத்தான் வீட்டு அத்தியாயத்தில்தான் கை நின்றுவிட்டது.

உங்களிடம் நான் சொன்னதில்லை. அந்தப் பூட்டிய வீட்டுக்குக் காவல் இருக்கும் சேசுராஜ் என் அப்பா. "உள்ளே நாலு தேக்குக் கதவு இருந்துச்சும்மா, இப்ப ரெண்டு இல்லை" என்று பேச்சுவாக்கில் உங்களிடம் சொல்லியிருக்கிறார். நீங்களும் முதலில் அப்படித்தான் எழுதியிருந்தீர்கள். இப்போது 'இல்லை' என்ற இடத்தில் 'கடத்தப்பட்டன' என்றும், 'கூறினார்' என்ற இடத்தில் 'அம்பலப்படுத்தினார்' என்றும் குறித்திருக்கிறீர்கள். பக்கத்திலேயே அப்பாவின் பெயர்.

மாசியில் அந்த வீட்டில் படைப்பு. முன்னோருக்குப் படையல் போடப் பங்காளிகள் எல்லோரும் வெளியூரிலிருந்து வருவார்கள். அன்று வாசித்துக்காட்ட இந்த அத்தியாயத்தைத் தருவதாக வீட்டுக்காரர் தேனப்பன் ஐயாவிடம் சொல்லியிருக்கிறீர்களாமே. கதவை எடுத்தது பங்காளியா வெளியாளா, அப்பாவுக்குத் தெரியாது. "யாரப்பா கடத்துனது?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டால் என்ன சொல்வார்? சாவி அவரிடம்தானே இருக்கிறது. நாங்கள் குடியிருப்பதும் அந்த வீட்டின் பின்கட்டில்தான்.

நாச்சியப்பன் அண்ணனிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "குறிச்சதை அடி. டாக்டர் பட்டம் வாங்கப்போறது நீயா, அவுகளா?" என்று சிரித்தார்.

அப்பாவோ தன் பேர் புத்தகத்தில் வருவதாக டீக்கடையில் சொல்லித் திரிகிறார். நேற்று, "எம் பேரு வார எடத்தை வாசி தாயி" என்றார். பழைய தாளைத்தான் வாசித்தேன். "நான் சொன்னதை அப்படியே எழுதியிருக்காகளே" என்று இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

மற்றதையெல்லாம் மாற்றிவிட்டேன், அக்கா. அந்த ஒரு வரியில் மட்டும் கைவைக்கவில்லை. சார் கோபப்பட்டால் டைப் அடிக்கும் பெண் விட்டுவிட்டாள் என்று பழியை என்மேல் போடுங்கள்.

உங்களுக்கு நல்லபடியாகப் பட்டம் கிடைக்க ஞாயிறு பூசையில் வேண்டிக்கொள்கிறேன். அந்த வரியை என்ன செய்தீர்கள் என்று படைப்புக்கு முன்னால் ஒரு வார்த்தை அனுப்புங்கள். அதுவரை அப்பா கேட்கும்போதெல்லாம் பழைய தாளையே வாசித்துக்கொண்டிருப்பேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
சே. பெல்சி