நாலு விரக்கடை உயரம்

சிறையிலிருந்து,
4.3.2024

அன்புத் தங்கை இளமதிக்கு அண்ணன் பிரவீன்குமார் எழுதுவது.

நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய். மூணு வருஷம் என்று தீர்ப்பு வாசித்ததும் அம்மா கோர்ட்டிலேயே சரிந்து விழுந்தது கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. நீ ஏன் இன்னும் ஜெயிலில் மனுப் போட்டு என்னைப் பார்க்க வரவில்லை? பெயிலில் இருந்தபோதுதான் ஊருக்குள் வரக்கூடாது என்று எனக்குக் கட்டளை. உன்னை இங்கே வர வேண்டாமென்று யாரும் சொல்லவில்லையே.

ஒரு உதவி. கோர்ட்டிலிருந்து என் கார் அம்மா வீட்டுக் கொட்டகைக்கு வந்துவிட்டது அல்லவா? வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணச் சொல். கவரைப் போட்டு மூடு, கோழி ஏறினால் பெயிண்ட் போச்சு. முன் பம்பருக்குக் கீழே உதடு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த லிப் உடைந்து கிடக்கும், அதைக் குப்பையில் போட்டுவிடாதே. அன்னவாசலில் கார்க் கடை வைத்திருக்கிற நாகராசு அதை ஒட்டிக் கொடுப்பான்.

சிங்கப்பூர் வெயிலில் காய்ந்து, சாமான் சாமானாக வாங்கி அனுப்பிச் சேர்த்த வண்டி அது. தரைக்கும் அதற்கும் நாலு விரக்கடைதான் இடைவெளி. புதுக்கோட்டை ஜில்லாவிலேயே அப்படி இன்னொன்று கிடையாது.

மருமகன் நடக்கிறானா?

உன் பாசமுள்ள அண்ணன்,
பிரவீன்குமார்


15.3.2024

அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பாதிக்கு மேல் வண்டிதான். என் வீட்டுக்காரர் கால் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி கிடையாது. மனுப் பார்க்க ஏன் வரவில்லை என்கிறாய். உன் கைகளைப் பார்க்கப் பயமாக இருக்கிறது, அதனால்தான்.

கோர்ட்டில் வக்கீல்கள் பேசினார்கள், நான் பேசவில்லை. இப்போது சொல்கிறேன், கேள்.

அன்றைக்குக் கொட்டுகிற மழை, போனுக்கு டவர் இல்லை. எனக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. நீ பொன்னமராவதியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாய். வீட்டில் நின்றது உன் வண்டி ஒன்றுதான், அவர் சாவியை எடுத்தார். பின் சீட்டைக் கழற்றிவிட்டு நீ அங்கே ஸ்பீக்கர் பெட்டி வைத்திருந்தாய். படுக்க இடமில்லாமல், இடுப்பைக் கவ்விப் பிடிக்கிற அந்தச் சிவப்பு ரேஸ் சீட்டில் உட்கார்ந்து கத்திக்கொண்டே போனேன். குன்றாண்டார்கோவில் வளைவில் வேகத்தடையில் லிப் மாட்டி வண்டி நின்றுவிட்டது. சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. மழையில் இறங்கி, ஜாக்கிக் கம்பியால் உன் லிப்பை நெம்பி உடைத்து வண்டிக்குள் வீசினார். உள்ளங்கை கிழிந்து ஸ்டியரிங் எல்லாம் ரத்தம். பிள்ளை நீலம் பாரித்துத்தான் பிறந்தான். அவன் அழுவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

நீ ஆஸ்பத்திரிக்கு வந்தாய். பிள்ளையைப் பார்க்க ஓடி வருகிறாய் என்று அம்மாவுக்கு அத்தனை சந்தோஷம். நீ உள்ளே வரவே இல்லை. வண்டியைச் சுற்றிப் பார்த்தாய், வீல் ஸ்பேனரை எடுத்தாய். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். "என் வண்டிய ஒடைக்க எறங்குன காலு எதுடா?" என்று கேட்டுக் கேட்டு அவர் வலது முழங்காலிலேயே அடித்தாய். எலும்பு நொறுங்கினால் சத்தம் கேட்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். கையில் குத்திய ஊசியோடு எழுந்து ஓடினேன், நர்ஸ் பிடித்துக்கொண்டார்.

மினி பஸ் ஓட்டிப் பிழைத்த மனுஷர் அண்ணா. பிரேக் மிதிக்கிற காலை எடுத்துவிட்டாய். இப்போது வண்டி மேல் கோழி ஏறக்கூடாது என்கிறாய்.

உன் தங்கை,
இளமதி


சிறையிலிருந்து,
20.6.2024

இளமதிக்கு,

மூணு மாதம் பொறுத்துத்தான் எழுதுகிறேன், இல்லாவிட்டால் கை சும்மா இருக்காது. புருஷன் என்றதும் அண்ணன் கொலைகாரன் ஆகிவிட்டான், அப்படித்தானே? காலோடு விட்டேன் என்று சந்தோஷப்படு. மண்டையில் போட்டிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

இங்கே ஒருத்தன், "தகரத்துக்காக உள்ள வந்தவன்டா" என்று என்னைக் காட்டிச் சிரித்தான். தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினேன். முன்பற்கள் கையோடு வந்துவிட்டன. இப்போது என்னைத் தனியாக அடைத்திருக்கிறார்கள். யாரும் சிரிப்பதில்லை.

மருமகன் ஆத்மநாதனுக்குத் தை முடிந்ததும் காது குத்தப் போகிறீர்கள் என்று அம்மா மனுவில் சொன்னாள். தாய்மாமன் நான் உயிரோடு இருக்கும்போது யார் மடியில் வைத்துக் குத்துவீர்கள்? கடுக்கன் அம்மா பீரோவில் இருக்கிறது. அவன் பிறப்பதற்கு முன்னாலேயே சிங்கப்பூரில் வாங்கிவிட்டேன்.

பிறந்த அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்காமல் வந்தது தப்புதான். அது ஒன்றுதான் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. மற்றதற்கெல்லாம் நான் வருத்தப்படவில்லை.

பிரவீன்குமார்


10.9.2024

அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. அடுப்பில் போடத்தான் எடுத்தேன். அவர் வாங்கிப் படித்தார். கடுக்கன் வாங்கி வைத்த இடத்தைத் திரும்பப் படித்தார். "காது மச்சான் மடியிலதான் குத்தணும். எங்க சண்டை எங்களோட. புள்ளைக்கு என்ன வந்துச்சு?" என்றார். எனக்கு அவர் மேல்தான் ஆத்திரம் வந்தது.

நாகராசு அண்ணன் வந்து போனார். கடைக்கு எல்லா மாதிரி ஆட்களும் வருவார்களாம். வாத்தியார்கள் சீட் கவரோடு நிறுத்திக்கொள்வார்களாம், கட்சிக்காரர்கள் முன்னால் கம்பி கேட்பார்களாம், வெளிநாட்டுக் காசு வந்த இளவட்டம்தான் வண்டியைத் தரையோடு படுக்க வைக்கச் சொல்லுமாம். "வேணாம்ப்பான்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்மா" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

பிள்ளை உன் ஜாடை. கோபம் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அதைப் பார்க்கும்போதெல்லாம் நீ ஸ்பேனரை எடுத்த நேரம்தான் கண்ணில் நிற்கிறது. இருந்தாலும் மாமா என்று சொல்லப் பழக்கியிருக்கிறேன்.

மடி உனக்குத்தான். ஒரே ஒரு பேச்சு. வண்டியைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. அது அம்மா பேரில் இருக்கிறது, இனி அம்மா பாடு.

உன் தங்கை,
இளமதி


சிறையிலிருந்து,
3.1.2025

என் அருமைத் தங்கைக்கு,

போலீஸ் காவலோடு ஒரு நாள் பரோல் கிடைத்துவிட்டது. அம்மா மேல் சத்தியம், வண்டியைப் பற்றி ஒரு சொல் பேச மாட்டேன். மாப்பிள்ளை கால் இப்போது எப்படி இருக்கிறது? நடக்கிறாரா? நேரில் அவரிடம் மன்னிப்புக் கேட்பேன். மருமகனை மடியில் வைத்துக்கொண்டால் போதும், மிச்ச நாளை எப்படியும் கழித்துவிடுவேன்.

உன் அண்ணன்,
பிரவீன்


18.2.2025

அண்ணா,

நீ செய்ததை உனக்கே எழுதிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்றைக்கு உனக்குக் கண் தெரிந்த மாதிரி இல்லை.

பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று விலங்கை அவிழ்த்தார்கள். அவன் உன்னைப் பார்த்து "மாமா" என்றான். நீ அழுதாய், நானும் அழுதேன். ஆசாரி வலது காதைக் குத்தினார். வீறிட்ட பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாய். என் அண்ணன் திரும்பி வந்துவிட்டான் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் அவர் மாலை வாங்கிக்கொண்டு, அம்மா அவருக்குக் கொடுத்த உன் காரைக் கோயில் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். நீ திரும்பிப் பார்த்தாய். ஒரு சாண் உயரத்தில் நின்ற வண்டி, சாதாரண சீட், சத்தமில்லாத சைலன்சர். ஒரு காதில் ரத்தம் சொட்ட அழுகிற பிள்ளையைத் தரையில் இறக்கி விட்டுவிட்டு எழுந்து போனாய். "என் வண்டிய மாட்டு வண்டியாக்கிட்டீங்களேடா!" என்று கத்தினாய். பந்தல்காரர் வைத்திருந்த கடப்பாரையைத் தூக்கினாய். அவர் உள்ளே இருந்தார் அண்ணா. காலை மடக்க முடியாதவர் எப்படிச் சட்டென்று இறங்குவார்? கண்ணாடி முழுதும் அவர் முகத்தில் கொட்டியது. ஸ்டியரிங் பக்கம் புதிதாக ஒரு கம்பி இருந்ததைப் பார்த்து, "இது என்னடா கருமம்" என்று அதை அடித்து அடித்து முறித்தாய். போலீஸ் உன்னைக் கீழே தள்ளி முதுகில் முட்டியை வைத்து அழுத்தும்வரை நிறுத்தவில்லை.

அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் கண்ணுக்கு ஆபத்தில்லை, புருவத்தில் தையல்.

ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். "இன்னொரு காது இருக்கேம்மா, தாய்மாமன் எங்கிட்டு?" என்றார். "இல்லீங்க" என்றேன். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்தார். மடங்காத காலை நீட்டி, இன்னொரு தொடையில் பிள்ளையை வைத்துக்கொண்டார். இடது காதை அங்கே வைத்துத்தான் குத்தினார்கள். உன் கடுக்கனை அம்மா பீரோவுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இனி எழுதாதே. வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

நீ முறித்த கம்பி என்ன என்று மட்டும் தெரிந்துகொள். கால் போனவர்கள் கையாலேயே பிரேக்கும் ஆக்சிலேட்டரும் போடுவதற்கு நாகராசு அண்ணன் பொருத்திக் கொடுத்தது. ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, லைசென்ஸ் மாற்றி, அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாகத் தனியாக ஓட்டி வந்தார். உன்னிடம் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அது வண்டிச் சாமான் இல்லை அண்ணா, அவருடைய வலது கால். அதே காலை இரண்டாவது தடவையும் உடைத்துவிட்டாய்.

இளமதி வசந்த்