தீக்குச்சியின் தலை

மார்ச் 4, செவ்வாய்

மூக்குக்கண்ணாடியின் கால் மறுபடி கழன்று விழுந்தது. எரிச்சல் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. இந்த மாதிரி ஏதாவது கழன்றால்தான் என் வீட்டுக்காரர் கட்டிலை விட்டு எழுந்திருக்கிறார். கீலின் ஓட்டையில் மெல்லிய செம்புக் கம்பியை விட்டு முறுக்கி, நுனியை நகவெட்டியால் நறுக்கி, "போட்டுப் பாரு, காதுல குத்துதா?" என்றார். இன்று முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான். பத்தொன்பது வருஷம் பேக்கிங் மெஷின் ஃபிட்டர். கம்பெனி வீட்டுக்கு அனுப்பி ஏழு மாசம் ஆகிறது.

மார்ச் 9, ஞாயிறு

வாஷிங் மெஷின் மூடி ஆடுகிறது. கீல் ஸ்க்ரூ பிடிக்கிற ஓட்டையில் மரை தேய்ந்துவிட்டதாம். தீக்குச்சியின் தலையைக் கிள்ளி எறிந்தார், குச்சியைப் பசையில் தோய்த்து ஓட்டையில் அடைத்தார், அதன்மேல் ஸ்க்ரூவை முடுக்கினார். "சில பேரு தலையோட திணிப்பானுங்க. மருந்து உதிர்ந்து மரை பிடிக்கவே பிடிக்காது. அவனுங்களைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்!" என்று பாடமே நடத்தினார். "அப்பாவுக்கு வாய் வந்துடுச்சு டோய்" என்றாள் மகள். சிரித்தார். என் கண் பட்டுவிடக் கூடாது.

மார்ச் 13, வியாழன்

என் லேப்டாப்பின் திரை நிற்காமல் பின்னால் சாய்கிறது. இரண்டு நாளாகச் சர்க்கரை டப்பாவை முட்டுக்கொடுத்து ஆபீஸ் ரிப்போர்ட் அடிக்கிறேன். கேட்காமலே வந்து உட்கார்ந்தார். கீல் உடைந்த இடத்தில் சமையல் சோடாவைத் தூவி, சூப்பர் குளூ சொட்டினார். "நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் தொடாதே."

மார்ச் 14, வெள்ளி



காலை பத்து மணிக்குள் ரிப்போர்ட் போகணும் என்று அவசரப்படுத்தியது நான். கீலைத் திரும்ப மாட்டுகிறபோது ஒரு ஸ்க்ரூவைக் காணோம். டப்பாவைத் துழாவி வேறொன்றை எடுத்து நீட்டியதும் நான். "இது நீளமா இருக்கே" என்றார். "ஒண்ணும் ஆகாது, போடுங்க." டிக் என்று ஒரு சத்தம். ஸ்க்ரூ நுனி திரையின் முதுகில் ஏறிவிட்டது. மூலையிலிருந்து கறுப்பு பரவியது.

அப்போ நான் சொன்னேன் — ஐயோ, எப்படித்தான் வாய் வந்துச்சோ — "பத்தொன்பது வருஷமா என்னத்தக் கிழிச்சீங்க? அதான் அனுப்பிட்டாங்க." மக எதிர்ல சொன்னேன். ஸ்க்ரூவை எடுத்துக் கொடுத்தவ நீதானேன்னு அவர் ஒரு வார்த்தை கேட்கல.

மார்ச் 17, திங்கள்

ஆபீஸில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று கொடுத்தார்கள். வேலை பிழைத்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

காலைப் பிடிக்காத குறையாக மன்னிப்புக் கேட்டேன். "விடு, சரியாத்தானே சொன்னே" என்றார். நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 2, புதன்

கண்ணாடிக் கால் தானாகவே கழன்றது. ஓடிப்போய் நீட்டினேன். "கடையில குடுத்து மாத்திக்கோ" என்றார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வாஷிங் மெஷின் மூடியை நானே கழற்றினேன். ஸ்க்ரூவை முறுக்கி முறுக்கி மரையைக் கெடுத்தேன். மூடியை அவர் கட்டிலுக்கு எதிரில் வைத்து, பசையில் தோய்த்த தீக்குச்சியை ஓட்டையில் திணித்தேன். தலையோடு. வேண்டுமென்றே, மெதுவாக, அவர் கண்ணுக்கு நேராக. திட்டுங்க, பிடுங்குங்க, தலையில ஒரு குட்டு குட்டுங்க என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே முடுக்கினேன்.

ஸ்க்ரூ பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.