கேற்றில் ஒட்டிய தாள்

நிலாவெளி
2021 ஜூன் 2

டிலக்சியின் அப்பாவுக்கு,

உங்களுடைய போன் துறைமுகக் கடலுக்குள் விழுந்த கதையைப் பாண் விற்கிற ஓட்டோக்காரர் கலீலுர் றஹ்மான் நானாதான் சொன்னார். இந்தக் கொரோனாப் பயணத்தடைக்குள்ளும் ஓடுவதற்கு அவரிடம் பாஸ் இருக்கிறது. போன் கடைகள் திறக்கும்வரை அவர் கையில் கடிதம் கொடுத்துவிடுகிறேன். என்னுடைய போன் காலையிலிருந்து டிலக்சியின் பாடத்துக்கு. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஏறி உட்கார்ந்தால்தான் சிக்னல் வருகிறது. பிள்ளை வெயிலில் கறுத்துப்போனாள்.

அக்கா வீட்டில் நாங்கள் ஒன்பது பேர். சமைத்துக் கழுவி நிமிர்வதற்குள் அடுத்த நேரம் வந்துவிடுகிறது. மூன்று நேரமும் பருப்பு. களைத்துவிட்டேன்.

"அடிச்சவரோ, ஏசினவரோ?" என்று அக்கா கேட்டாள். "அப்பிடி ஒண்டுமில்லை. பதினொரு நாளா என்னோடை கதைக்கேல்லை, அதுதான் வந்தனான்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. ஏசினாலாவது வீட்டில் ஒரு சத்தம் கேட்கும்.

சாப்பிடுகிறீர்களா?

கஜந்தி


திருகோணமலை
ஜூன் 5

கஜந்திக்கு,

சாப்பிடுகிறேன். என்னோடு கப்பல் கயிறு பிடிக்கிற முனீப்புக்குக் கொரோனா. அதனால் சுகாதாரப் பரிசோதகர் வந்து நம்முடைய வாசல் கேற்றில் சிவப்புத் தாள் ஒட்டிவிட்டுப் போனார். தனிமைப்படுத்தப்பட்ட வீடு, ஜூன் 14 வரை யாரும் உள்ளே வரக்கூடாது. எனக்குக் காய்ச்சல் ஒன்றும் இல்லை. நானா பாணைக் கேற்றில் கொளுவிவிட்டுப் போகிறார். இந்தக் கடிதத்தை ஒரு பகல் வெயிலில் காயவைத்துத்தான் கொண்டுவருவாராம்.

குசினிக் குழாய் ஒழுகுகிறது. உன் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் விடுகிறேன்.

நிருபன்


நிலாவெளி
ஜூன் 22

டிலக்சியின் அப்பாவுக்கு,

பயணத்தடையை எடுத்துவிட்டார்கள். உங்களுடைய 14ஆம் திகதியும் கழிந்து எட்டு நாள். டிலக்சி பையை அடுக்கிக் கதிரையில் வைத்துவிட்டாள். நான் அடுக்கவில்லை. நானாகப் போனேன், நானாக வருவது எப்படி? நீங்கள் 'வா' என்று எழுதினால் வருவேன். அதற்கு ஒரு கொப்பித் தாள்கூடத் தேவையில்லை.

கஜந்தி


திருகோணமலை
ஜூன் 25

கஜந்திக்கு,

கடிதம் கிடைத்தது. குழாய்க்கு வாஷர் மாற்றிவிட்டேன், இப்போது ஒழுகவில்லை. கறிவேப்பிலை துளிர்த்திருக்கிறது. திங்கள் முதல் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சம்பளம் வந்தபிறகுதான் போன் வாங்கலாம். சொல்ல வேறு புதினம் இல்லை.

நிருபன்


நிலாவெளி
ஜூன் 29

டிலக்சியின் அப்பாவுக்கு,

குழாய் ஒழுகாதது நல்ல செய்தி.

பிள்ளையின் அழுகை தாங்க முடியாமல், நீங்கள் கூப்பிடாமலே ஞாயிற்றுக்கிழமை வந்தோம். கேற்றில் தாள் அப்படியே இருந்தது. "அப்பாவுக்குக் காய்ச்சல் வருத்தமோ அம்மா?" என்று டிலக்சி கேட்டாள். "ஓம் பிள்ளை, கிட்டப் போக ஏலாது" என்று பொய் சொன்னேன். தாளில் 14ஆம் திகதி வரை என்று பெரிதாக எழுதியிருக்கிறது. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. இரண்டு வாரமாகக் கிழிக்காமல் வைத்திருக்கிறீர்கள் என்றால் ஒருவரும் வரவேண்டாம் என்றுதானே? தட்டவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டோம்.

பள்ளிக்கூடம் திறந்ததும் டிலக்சியை இங்கேயே சேர்க்கலாம் என்று அக்கா சொல்கிறாள். எனக்கும் இனி எழுதத் தெம்பில்லை. நானாவையும் அலைக்கழிக்க வேண்டாம்.

கஜந்தி


திருகோணமலை
ஜூலை 1

கஜந்தி,

இந்தக் கடிதத்தைத் திருப்பிப் பார். கேற்றில் இருந்த தாள்தான். கத்தியால் சுரண்டி எடுத்ததில் ஒரு மூலை கிழிந்துவிட்டது.

நீ போன நாளிலிருந்து தெருவில் போகிறவர்கள் எல்லாம் கேற்றடியில் நின்று, "கஜந்தி எங்கை, எப்ப வாறா?" என்று கேட்டார்கள். நான் என்ன சொல்வது? தாள் ஒட்டிய பிறகு ஒருவரும் வரவில்லை. 14ஆம் திகதி அதைக் கிழிக்கத்தான் போனேன். எதிர்வீட்டுப் பாக்கியரத்தினம் அண்ணர் தாளைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தால் விலகிப் போனார். அப்பாடா என்று இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன். அது உன்னையும் மறிக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. வெட்கமாக இருக்கிறது.

நீ கேட்ட ஒரு சொல்லை நாலு தரம் எழுதினேன். நாலையும் கிழித்தேன். பதினொரு நாள் வாய் திறக்காதவன் எந்த முகத்தோடு கூப்பிடுவது? கடைசியில் குழாயைப் பற்றி எழுதி அனுப்பினேன்.

தனியே ஏலாது கஜந்தி. வா. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா.

நிருபன்


நிலாவெளி
ஜூலை 2

டிலக்சியின் அப்பாவுக்கு,

தாள் கிடைத்தது. இரண்டு பக்கமும் வாசித்தேன்.

ஞாயிறு காலை பத்து மணி பஸ்ஸில் வருகிறோம். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், களைத்துப்போய்த்தான் வருகிறேன். ஏதாவது சமைத்து வையுங்கள், பருப்பு மட்டும் வேண்டாம்.

கேற்றைத் திறந்து வெளியே வந்து நில்லுங்கள். எழுதியதை ஒருமுறை வாயாலும் சொல்லுங்கள், எதிர்வீட்டுப் பாக்கியரத்தினம் அண்ணருக்கும் கேட்கிற மாதிரி.

கஜந்தி